மெயின் வீதியில் ஒரு முழம் முல்லை

1

வைகாசி பிறந்தால் எனக்கு வரும் தபால் கூடிவிடுகிறது. கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்குக் கொழும்பு வரப்போகிற நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் எழுதுகிறார்கள். எல்லாக் கடிதத்திலும் கேள்வி ஒன்றுதான்: கொழும்பில் பார்க்க என்ன இருக்கிறது, எங்கே மலிவாகச் சாப்பிடலாம். எழுதுகிறவர்களில் பாதிப் பேர், நான் மதுரைக்கு மருந்து கலக்கும் படிப்புக்குப் போனபோது என் அப்பாவிடம் வந்து, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்று கேட்டவர்கள். மற்றப் பாதி, படிப்பு முடிந்து நான் இங்கே ஆஸ்பத்திரி வேலைக்குக் கப்பல் ஏறியபோது அதையே கேட்டவர்கள். இப்போது இரண்டு பாதிக்கும் நான் வழிகாட்டி.

தனித்தனியாகப் பதில் எழுத எனக்கு நேரமில்லை. காலையில் குப்பிகளைக் கழுவ வைத்து, தராசைத் துடைத்து, கலவைகளைக் கலந்து, ஒவ்வொரு குப்பியிலும் மூன்று பாஷையில் சீட்டு ஒட்ட வேண்டும். குலுக்கிவிட்டுக் குடிக்கவும் என்று மூன்று பாஷையில் எழுதியும் யாரும் குலுக்குவதில்லை. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கே ஒரே பதில். போன வருடத் திருநாளுக்கு என் அத்தையையும் அவள் மகனையும் கூட்டிக்கொண்டு இங்கே மெயின் வீதியில் ஒரு நாள் முழுக்க நடந்தேன். அந்த நாளையே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பார்க்க வேண்டியதும் சாப்பிட வேண்டியதும் அதற்குள் வந்துவிடும்.

2

அத்தை என் அப்பாவின் அக்கா. நான் எழுத்துப் படிக்கும் முன்பே தாலி இழந்தவள். அவள் மகன் சூசை கம்பத்தில் நெல் மண்டியில் வேலை பார்க்கிறான். முறைப்படி அவன் எனக்கு மாப்பிள்ளை. இந்த முறையை நான் பிறப்பதற்கு முன்பே யாரோ தீர்மானித்துவிட்டதால் என்னிடம் தனியாகக் கேட்க வேண்டிய தேவை இருவருக்கும் இருக்கவில்லை.

கோட்டை ரயில் நிலையத்தில் அவர்களைக் கண்டபோது இருவரும் கசங்கிப்போயிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபத்து நோய்த்தடுப்பு முகாமில் துணிமணிகளை ஆவியில் போட்டு, வரிசையில் நிறுத்தி, பெயரையும் தகப்பன் பெயரையும் திருப்பித் திருப்பிக் கேட்டு, அம்மை குத்தி அனுப்பியிருந்தார்கள். சூசை கை வீங்கியிருப்பதை எனக்குக் காட்டினான். நான் மருந்துக்காரி என்பதால் அதற்கு என்னிடம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தான். இருந்தது. "சொறியாதீக" என்றேன்.

"ஏ பிலோமி! என்ன புள்ள, எலும்பா போயிட்ட?" என்று அத்தை என் தாடையைப் பிடித்தாள். "இங்கன சோறு போடமாட்டாகளா? தலைல என்னது, முக்காடு?"

அது மருந்தறையில் நாங்கள் கட்டும் வெள்ளைத் துணி. முடி ஒன்றும் கலவையில் விழாமல் இருக்க நெற்றிமுதல் பிடரிவரை இறுக்கிக் கட்டுவது. அன்று எனக்கு லீவு. ஆனாலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். திருநாளுக்கு மட்டும் யாரும் முந்நூறு மைல் வருவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நினைத்தது சரிதான். அத்தையின் ஓலைக்கூடையில் ஈரத்துணி சுற்றிய வாழையிலைப் பொட்டலம் இருந்தது. முல்லை. நம் பக்கத்து முல்லை எத்தனை தண்ணீர் தெளித்தாலும் கடல் தாண்டாது. அது ரயில் நிலையத்து வாசலில், என்னைத் தேடும் முன்பே வாங்கியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பெண்ணைக் கேட்பதில்லை. கேட்டால் அபசகுனம் என்றுகூடச் சொல்வார்கள். பூ ஏறிய பிறகு வேண்டாம் என்பது இரண்டு வீட்டையும் தெருவில் நிறுத்துவது. என் அக்காவுக்கு வைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வந்து வைத்தார்கள். அவள் குழவியை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மாவு பொங்கி வழிந்ததை நான்தான் வழித்துவிட்டேன்.

இதில் அத்தைக்கு ஒரு சிக்கல். பூவைத் தாலியிழந்தவள் கையால் வைக்கக் கூடாது. கழுத்தில் தாலி உள்ள கட்டுக்கழுத்தி ஒருத்திதான் வைக்க வேண்டும். அவள் நம் வேதக்காரியாகவும் நம் சனமாகவும் இருக்க வேண்டும். நாம் ஞானஸ்நானம் வாங்கிப் பல தலைமுறை ஆயிற்று. பழையதில் எதை எதை விட்டோம் என்று எண்ணிப் பார்த்தால், விட்டதெல்லாம் நமக்கு நல்லதாக இருந்தது. இதை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறோம்.

ஊரிலிருந்தே ஒரு கட்டுக்கழுத்தியைக் கூட்டிவர அத்தைக்கு வசதியில்லை. கொழும்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டாள். ஆகவே அவள் வந்தது ஊர் பார்க்க அல்ல. ஒரு கையைத் தேட. நான் அவளைக் கூட்டிப்போனது ஊர் காட்ட அல்ல. சாயங்கால மெயில் வண்டிவரை அந்தக் கை கிடைக்காமல் பார்த்துக்கொள்ள. எனக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மேசை, ஒரு தராசு, சாவி என்னிடமே இருக்கும் ஓர் அலமாரி. பூ ஏறினால் மூன்றும் போய்விடும்.

3

இனி வீதி.

மெயின் வீதி புறக்கோட்டையில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. கொண்டுவர வேண்டியவை: குடை, கைக்குட்டை, கழுவினால் சாயம் போகாத துணி. வைகாசி ஆனியில் இங்கே மழை கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. வீதியின் நடுவே டிராம் போகும், அதன் இரு பக்கமும் மாட்டுவண்டி, ரிக்‌ஷா, மூட்டை தூக்குகிறவர்கள், இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே ஊரிலிருந்து வந்தவர்கள். மற்ற எல்லோரும் நகர்வார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் மட்டும் நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

மணிக்கூண்டைச் சூசை அண்ணாந்து பார்த்தான்.

"உத்தமபாளையத்துல வச்சா நல்லா இருக்கும்" என்றான்.

அவனுக்கு எதைக் காட்டினாலும் அதை ஊரில் எங்கே வைக்கலாம் என்றுதான் தோன்றும். டிராமைக் காட்டினேன். "தேனிச் சந்தைக்கு விட்டா நெல்மூட்டை ஏத்தலாம்" என்றான். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் அடுக்கிய பள்ளிவாசலைக் காட்டினேன். வெளியூர்க்காரர்கள் அதைக் காணத்தான் வருகிறார்கள். "மிட்டாய் மாதிரி இருக்கு" என்றான். இதை மறுக்க எனக்கு வழியில்லை.

அத்தை எதையும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் கண் பெண்களின் கழுத்து உயரத்திலேயே இருந்தது. துணிக்கடை வாசலில் ஒருத்தியைப் பிடித்துவிட்டாள்.

"தாயி, ஒனக்கு எந்த ஊரு?"

"யாழ்ப்பாணம். ஏன் கேக்கிறியள்?"

"புருசன் இருக்காகளா?"

அந்தப் பெண் தன் பையை மார்போடு இறுக்கிக்கொண்டு டிராமில் ஏறிவிட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள். "என்ன பாசை இது, தமிழ் மாதிரியே இருக்கு?"

தமிழ்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து நர்சுகள் நிறையப் பேர். நான் "அங்கன வைங்க" என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள். என் பேச்சை அவர்கள் நாட்டுப்புறம் என்கிறார்கள். ஊருக்கு எழுதினால் என் எழுத்தில் இலங்கை வாடை அடிக்கிறது என்கிறார்கள். இரண்டு பக்கமும் நன்றாக மூக்கு உள்ளவர்கள்.

சாப்பாடு. வீதியின் முதல் பாதியில் நீங்கள் மலிவாகப் பெறக்கூடியது பாலில்லாத தேத்தண்ணி. சர்க்கரையை அதில் போடமாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் வைப்பார்கள். நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். அடுத்தது விதை மிதக்கும் சிவப்புச் சர்பத். நிறத்தைத் தவிர அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிறம் எதனால் ஆனது என்பதைத் தொழில் காரணமாக நான் ஊகிக்கிறேன், சொல்லமாட்டேன். அதன் பிறகு பருப்பு வடை. எண்ணெய் பழையது, வடை புதியது.

சூசை மூன்றையும் சாப்பிட்டான். வடையை இரண்டாம் முறையும் சாப்பிட்டான். அத்தை எதையும் தொடவில்லை. "வயிறு மந்தமா இருக்கு" என்றாள். மந்தமாக இருப்பவள் வடைச்சட்டியை அப்படிப் பார்க்கமாட்டாள்.

4

வீதி முடியும் இடத்தில் பழைய கோட்டை வாசலின் மணிக்கோபுரம். வெளியே சொல்லும் கதை இது: அந்த மணி போர்த்துக்கீசர் கோயிலில் தொங்கியது, டச்சுக்காரர் அதை எடுத்துவந்து இங்கே கட்டினார்கள், இரவில் அது அடித்தால் ஊரில் விளக்கை அணைக்க வேண்டும். அகழியில் முதலைகள் இருந்ததாகவும் சொல்வார்கள். மூன்று வெள்ளைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்ட ஊர் இது. முந்தியவர் கட்டியதை இடித்து அதே கல்லில் அடுத்தவர் கட்டினார். பார்க்க வருகிறவர்கள் இதைச் சரித்திரம் என்று சொல்லி வாய் பிளக்கிறார்கள். நம் ஊரில் பங்காளிகள் வரப்பு விஷயத்தில் இதைத்தான் செய்கிறார்கள். அதற்கு யாரும் ரயிலேறி வருவதில்லை.

"நம்ம கோயில் மணியவிடச் சின்னது" என்றான் சூசை.

அத்தை கோபுரத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. குடையை அவளுக்குப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய் தேத்தண்ணியாச்சும் குடிங்க அத்தை" என்றேன்.

"வேணாம் புள்ள."

"என்ன செய்யிது?"

சூசைதான் சொன்னான். "காலைலருந்து ஆத்தா பச்சைத்தண்ணி தொடல. பூ வச்சிட்டுத்தான் வாயில வைப்பேன்னு நேந்துக்கிட்டாக."

"வாய மூடுலே" என்றாள் அத்தை.

இப்படி ஒரு ஆயுதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கை கிடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்போது நான் தள்ளிப்போடும் ஒவ்வொரு கடைக்கும் வயசான ஒருத்தி பட்டினி கிடக்கிறாள். ஆனாலும் அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டேன்.

5

மணிக்கோபுரத்தைத் தாண்டிச் செட்டியார் தெரு. இரண்டு பக்கமும் நகைக்கடை. பார்ப்பதற்குச் செலவில்லை என்பதால் ஊர்க்காரர்களுக்கு மிகவும் பிடித்த தெரு இதுதான். அத்தை ஒரு கண்ணாடிக்குள் தொங்கிய தாலிச்சங்கிலியை நின்று பார்த்தாள். பக்கத்துப் பூக்கடையில் பழைய பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு முழம் முல்லை வாங்கினாள். வழியில் பெய்த மழையில் முதல் பூ நனைந்து கெட்டுவிட்டது. காசை முந்தானை முடிச்சிலிருந்து அவளே எடுத்தாள். நான் கொடுக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

அப்புறம் கொச்சிக்கடைக் கோயில். அதைப்பற்றி நான் குறைவாகவே சொல்வேன், என் அம்மா இதைப் படிக்கக் கேட்பாள். கூட்டம் நெரியும். உள்ளே எல்லோரும் ஒரே அப்பத்தை நாக்கில் வாங்குகிறார்கள். வாசலுக்கு வந்ததும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுக்கொள்கிறார்கள். அத்தை மெழுகுவர்த்தி விற்ற ஒருத்தியின் கழுத்தில் சிலுவைத் தாலியைக் கண்டு பக்கத்தில் போனாள். அவள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. அத்தை திரும்பி வந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றேன், தெரியாததுபோல.

"நம்ம சனம் இல்ல."

"அந்தோனியார் மட்டும் நம்ம சனமா அத்தை?"

"அவுக சாமி. சாமிய ஏன் இழுக்குற?"

வண்டிக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நாள் முழுக்க நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குடை, தலைத்துணி, டிராம், கூட்டம் இவற்றை வைத்தே சமாளித்துவிட்டேன் என்று என் திறமையில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் சூசைக்கு ஆப்ப வாசனை வந்தது.

6

கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஆப்பக்கடை இருந்தது. கடைக்காரியை ஞானம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய நிஜப் பெயர் அதுவல்ல. அவள் இப்போது மகளோடு வேறு தேசத்துக்குப் போய்விட்டாள். போகும் முன் என்னிடம், "இனி எங்கன வேணும்னாலும் எழுதிக்க தாயி" என்று சொன்னதால்தான் எழுதுகிறேன்.

அன்று அவள் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ, "வெஞ்சனம் தீந்துபோச்சு, தேங்காச் சம்பல் மட்டும் இருக்கு" என்றாள். தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்று சொல்லும் ஒரு குரலை இந்த வீதியில் நான் அவளிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அத்தை சந்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

"தாயி! ஒனக்கு எந்த ஊரு?"

"தேவாரம் பக்கம். நீங்க?"

அதற்குப் பிறகு ஐந்தாறு கேள்விதான். எந்தக் கோயில், எந்தத் தெரு, யார் மகள். கேள்விக்கு ஒரு படி ஏறுவதுபோல அத்தையின் முகம் மேலே போனது. ஞானம்மாள் தலையில் பூ இருந்தது. கழுத்தில் சிலுவைத் தாலி மஞ்சள் கயிற்றில் தொங்கியது. நம் வேதம், நம் சனம், கட்டுக்கழுத்தி.

"வீட்டுக்காரவுக எங்க?"

"மலைத்தோட்டத்துல, தேயிலை ஸ்டோர்ல வேலை" என்று ஞானம்மாள் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அவள் புருஷன் மலைத்தோட்டத்தில் இல்லை. காய்ச்சலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவனுக்குக் கடைசிவரை கலவை கலந்து கொடுத்தவள் நான். இறந்த அன்று ஞானம்மாள் மருந்தறைச் சன்னலுக்கு வந்து, "தாயி, ஊருக்குத் தெரிஞ்சா இவுக தம்பி வந்து கடைய எடுத்துக்கிருவாக. எம்மகளப் பள்ளிக்கூடத்துலருந்து நிப்பாட்டி, என்னைய ஊருல ஒரு மூலைல ஒக்கார வச்சிருவாக. சொல்லிறாத" என்றாள். சாமியார், குழி வெட்டியவன், நான், அவள். அடக்கத்துக்கு வேறு யாருமில்லை. அதிலிருந்து தினம் காலையில் பூ வாங்கி வைத்துக்கொண்டு, தாலியைக் கழற்றாமல் ஆப்பம் சுடுகிறாள்.

அத்தை முந்நூறு மைல் வந்து, ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, இந்த வீதியிலுள்ள அத்தனை கழுத்தையும் பார்த்து, கடைசியில் தேர்ந்தெடுத்த கை இது.

"ஒரு நல்ல காரியம் தாயி" என்று பொட்டலத்தைப் பிரித்தாள். "எந்தம்பி மக இவ. எம்மகனுக்குப் பேசியிருக்கு. நான் வைக்கக் கூடாது பாரு. நீ வச்சு விட்ரு."

"கையெல்லாம் மாவா இருக்குங்க."

"கழுவிட்டு வா."

"அடுப்புல ஆப்பம் கெடக்கு."

"கருகட்டும். நான் காசு தாரேன்."

"வேற யாராச்சும்..." என்றாள் ஞானம்மாள்.

"எதுக்கு வேற? ஒனக்கு என்ன குறை, ராசாத்தி மாதிரி இருக்க." அத்தை குரல் கொஞ்சம் மாறியது. "நல்ல காரியத்துக்குக் கூப்புட்டா கட்டுக்கழுத்தி எவளாச்சும் மாட்டேம்பாளா?"

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஞானம்மாள் கையைக் கழுவினாள். கழுவும்போது அவளுடைய மகள் பள்ளிப் பையோடு உள்ளே வந்து, "அம்மே, பாண் இல்லையா?" என்று கேட்டது. ரொட்டிக்கு இங்கே பாண் என்று பெயர். அத்தை அதைப் பார்த்து, "என்ன பாசை பேசுது இது?" என்று சிரித்தாள். நாள் முழுக்க அவள் சிரித்தது அப்போதுதான்.

என் முன்னால் மூன்று வழி இருந்தது. ஞானம்மாள் யார் என்று சொல்லிவிட்டால் பூ என்னிடமிருந்து பறந்துவிடும். அவள் கதை அடுத்த கப்பலில் தேவாரம் போய்ச் சேரும். சொல்லாமல் இருந்தால் பூ ஏறும். அது போதாதென்று, தன் கையால் எனக்குக் கேடு வரும் என்று அவளும் காலம் முழுக்க நம்பிக்கொண்டிருப்பாள். நடந்து வந்தபோதே கழுவிய கையை அவள் முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள். மூன்றாவது வழி காலையிலிருந்தே இருந்தது. அது ஒரே சொல்லில் முடிகிற வேலை. அதைச் செய்யாமல் இருக்கத்தான் நான் இத்தனை சரித்திரத்தைச் சுற்றிக் காட்டினேன்.

ஞானம்மாள் பூவை எடுத்தாள். அத்தை என் தலைத்துணியை அவிழ்க்கக் கையை நீட்டினாள்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் அத்தை" என்றேன்.

"என்ன வேணாம்?"

"பூ வேணாம். கல்யாணம் வேணாம்."

கடையில் ஆப்பம் தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அத்தைக்கு முதலில் கோபம் வரவில்லை. புரியவில்லை.

"எம்மகனுக்கு என்ன குறை? கண்ணு குருடா, கை முடமா?"

"ஒரு குறையும் இல்ல."

"அப்ப வேற எவனப் பாத்து வச்சிருக்க?"

"எவனும் இல்ல அத்தை."

"எவனும் இல்லாம எதுக்குடி வேணாங்குற?"

இந்தக் கேள்வியை அவள் நிஜமாகவே கேட்டாள். பதிலாக மேசையையும் தராசையும் அலமாரியையும் சொன்னால் அவளுக்கு அது பதிலாகத் தெரியாது. பிடித்திருந்த கையை விட்டேன். அவள் என் அப்பாவின் பேரைச் சொல்லி, நான் இனி ஊர் எல்லையை மிதிக்க முடியாது என்றாள். என் அம்மா வளர்த்த லட்சணம் என்றாள். சர்வேசுரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றாள்.

நிறுத்தியது சூசை. இலையிலிருந்த ஆப்பத்தை முடித்துவிட்டு எழுந்தான்.

"ஆத்தா, வா. வண்டிக்கு நேரமாச்சு."

"இவ சொன்னதக் கேட்டியாலே?"

"கேட்டேன். வேணாம்னு சொல்றாக. முன்னாடியே கேட்டிருந்தா அங்கனயே சொல்லியிருப்பாக. நாம கேட்டமா?" கையைக் கழுவிக்கொண்டே சொன்னான். "நானும் கேக்கல."

காலையிலிருந்து அவன் சொன்னவற்றில் ஊரில் எங்கேயும் வைக்க முடியாத ஒரே பேச்சு அதுதான்.

ஞானம்மாள் ஒரு வாழையிலையில் நாலு ஆப்பத்தை மடித்து அத்தையின் கூடையில் வைத்தாள். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கவும் இல்லை. சந்து முனையில் ரிக்‌ஷாவில் ஏறும்வரை என் பக்கம் திரும்பவில்லை. ரயில் நிலையத்துக்கு வருகிறேன் என்றேன். சூசை தலையை ஆட்டி வேண்டாம் என்றான்.

7

திரும்பி வந்தபோது பூ பலகைமேல் கிடந்தது. ஞானம்மாள் அதைத் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். கடையில் ஆள் இல்லை.

"ஏன் தாயி சொல்லல?" என்றாள். "என்னைப் பத்தி ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தம்மா பூவ வீசிட்டு ஓடியிருப்பாக. ஒனக்கும் ஊர்ப்பகை இல்ல."

"என் தலைக்கு வந்ததுக்கு நான்தான பதில் சொல்லணும்."

"நல்லா சொன்ன, போ." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இத என்ன செய்ய? தூரப் போடவா?"

மூன்று வருடமாக நான் பூ வைக்கவில்லை. மருந்தறையில் கூடாது. வெளியில் அந்த நினைப்பே விட்டுப்போயிற்று. எனக்கு முல்லை பிடிக்கும் என்பதை அப்போதுதான் யோசித்தேன். பூ என்றால் யாராவது பின்னால் வந்து நிற்பது என்றே பழகிவிட்டிருந்தது.

தலைத்துணியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தேன். அவளுக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்தேன்.

"வச்சு விடுங்க" என்றேன்.

"நானா? வேணாம் தாயி. எங்கை..."

"உங்க கையக் கழுவுனத நான் பாத்தேன்."

பிறகு பலகையிலிருந்து இலை சரசரத்தது. மெதுவாக வைத்தாள். ஒரு முறை வைத்து, கோணலாக இருந்தது என்று எடுத்து, மறுபடி வைத்தாள். இரண்டாம் முறை கையை முந்தானையில் துடைக்கவில்லை.

அதோடு மெயின் வீதி முழுக்க நடந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். மழை விட்டிருந்தது. குடையை விரிக்கவில்லை. மணிக்கோபுரம், பள்ளிவாசல், மணிக்கூண்டு எல்லாம் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தன. சொல்லும்படி ஒன்றுமில்லை.

8

ஊரிலிருந்து எனக்குத் தபால் கூடுகிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். அதில் அப்பாவுடையது இல்லை. போன வருடத்திலிருந்து இல்லை. அக்காவுக்கு மகள் பிறந்ததை, கொழும்பில் மலிவாகச் சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டு எழுதிய ஒருவர் கடைசி வரியில் போட்டிருந்ததால் தெரிந்துகொண்டேன். சூசைக்குச் சின்னமனூரில் பெண் பார்த்தார்களாம். போன இடத்தில் அவன் அந்தப் பெண்ணையே கூப்பிட்டுச் சம்மதமா எனக் கேட்டானாம் என்று சிரிப்பாக எழுதியிருந்தார்கள். எழுதியவருக்கு அது சிரிப்பு.

ஆகவே வருகிறவர்கள் வாருங்கள். குடை கொண்டுவாருங்கள். மணிக்கூண்டு, பள்ளிவாசல், மணிக்கோபுரம், செட்டியார் தெரு, கோயில். இந்த வரிசையில் பார்த்தால் கால் வலிக்கும், வழி தவறாது. தேத்தண்ணி நன்றாக இருக்கும். சர்பத்தைச் சிறுவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஆப்பம் இப்போது எங்கேயும் நன்றாக இல்லை. யாரையும் ஊரும் தெருவும் கேட்காதீர்கள். இங்கே டிராமில் ஏறிவிடுவார்கள்.

எனக்கு ஊரிலிருந்து எதுவும் வேண்டாம். யாராவது பன்னீர் திராட்சை கொண்டுவருவதாக எழுதுகிறார்கள், அது மண்டபத்திலேயே நசுங்கிவிடும். பூவும் வேண்டாம். இங்கே கிடைக்கிறது. நானே வாங்கிக்கொள்கிறேன்.